ஐயெல்ட்ஸ் ரீடிங்: தேர்வு நாளைப் பற்றி மாணவர்கள் கேட்பவை

மாலை நேர வகுப்பில் ஐ.இ.எல்.டி.எஸ். சொல்லிக்கொடுக்கிறேன். லிசனிங், ரீடிங், ரைட்டிங், ஸ்பீக்கிங் என்று நான்கு பகுதி உள்ள ஆங்கிலத் திறன் தேர்வு அது. பேச்சில் எல்லோருக்கும் அது ஐயெல்ட்ஸ்தான். வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் நர்ஸ்கள். மீதிப்பேர் மேல்படிப்புக்குப் போகிறவர்கள், கனடாவுக்கு விண்ணப்பம் போட்டவர்கள். தேர்வுக்கு முந்தின வாரம் ரீடிங்கைப் பற்றி வரும் கேள்விகள் அநேகமாக எல்லா வருடமும் ஒன்றேதான். ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் தனித்தனியாகப் பதில் அனுப்பி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

ரீடிங்கில் என்னதான் இருக்கிறது? ஒரு தடவை சுருக்கமாகச் சொல்லுங்கள், மேடம்.

60 நிமிடம், 40 கேள்வி, மூன்று பகுதி. தேர்வில் இரண்டு வகை: மேல்படிப்புக்கும் நர்ஸ் பதிவுக்கும் அகாடமிக், கனடா மாதிரி நாட்டில் குடியேறப் போகிறவர்களுக்கு ஜெனரல் டிரெய்னிங். அகாடமிக் எழுதுகிறவர்களுக்கு மூன்று நீண்ட பாசேஜ், அதாவது படிக்கத் தரும் உரை. மூன்றும் சேர்ந்து 2,150 முதல் 2,750 சொற்கள் வரை வரும். ஜெனரல் டிரெய்னிங் எழுதுகிறவர்களுக்கு முதல் பகுதியில் விளம்பரம், அறிவிப்பு மாதிரியான சின்னச் சின்னத் துண்டுகள், இரண்டாவதில் வேலையிடம் சம்பந்தப்பட்டவை, மூன்றாவதில் ஒரே ஒரு நீண்ட கட்டுரை. கேள்விக்கு ஒரு மார்க். தப்பாகப் போட்டால் மார்க் பிடிக்க மாட்டார்கள். இந்தக் கடைசி வரியை நினைவில் வையுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

7 வாங்க எத்தனை சரியாக இருக்க வேண்டும்?

வாங்கிய மார்க்கை 9 வரை போகும் பேண்டு என்ற அளவுக்கு மாற்றித் தருவார்கள். அகாடமிக்கில் 40க்கு 30 சரியாக இருந்தால் ஏறக்குறைய 7. 23 என்றால் 6, 35 என்றால் 8. ஜெனரல் டிரெய்னிங்கில் பாசேஜ் கொஞ்சம் சுலபம் என்பதால் அளவுகோல் இறுக்கம்: 7 வாங்க 34 வேண்டும், 30 எடுத்தால் 6தான். தாளுக்குத் தாள் ஒன்றிரண்டு முன்னே பின்னே போகும்.

இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்ய ரீடிங்கில் 7 கேட்கிறார்கள். கனடாவில் குடியேற விண்ணப்பிக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில், மொழிக்கு நல்ல புள்ளி கிடைக்கும் சிஎல்பி 9 நிலைக்கும் (சிஎல்பி என்பது கனடாவின் மொழித்திறன் அளவுகோல்) ரீடிங்கில் 7தான். எண் ஒன்றே என்றாலும் கணக்கு வேறு. அகாடமிக் எழுதும் நர்ஸ் பத்துக் கேள்வியைக் கோட்டைவிட்டாலும் பிழைத்துக்கொள்வார். ஜெனரல் டிரெய்னிங் எழுதும் கனடாக்காரர் ஆறுக்கு மேல் விட முடியாது. உங்கள் எண் எது என்று தெரிந்துகொண்டு அறைக்குள் போங்கள். நாற்பதையும் பிடித்தே ஆக வேண்டும் என்று போகிறவர்கள் ஒரே கேள்வியில் ஆறு நிமிடம் உட்கார்ந்துவிடுகிறார்கள். பத்துவரை விடலாம் என்று தெரிந்தவர் அதை விட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்.

கடைசி வாரம் என்ன படிக்கலாம்? புதிதாக ஐந்நூறு வார்த்தை மனப்பாடம் செய்யட்டுமா?

வேண்டாம். ஏழு நாளில் மனப்பாடம் செய்த ஐந்நூறு வார்த்தையில் ஒன்றோ இரண்டோ தேர்வில் வந்தால் பெரிது. அதைக் கண்டதும் "இது நான் படித்தது" என்று ஒரு சந்தோஷம் வரும், அவ்வளவுதான்.

ஏற்கெனவே செய்த பயிற்சித் தாள்களை எடுத்து வையுங்கள். தப்பாகப் போட்டவற்றை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்தில் ஏன் தப்பானது என்று தமிழிலேயே நாலு வார்த்தை எழுதுங்கள்: "அவசரம்", "ஸ்பெல்லிங்", "என் மனதில் இருந்ததை எழுதினேன்", "ஒன்லி என்ற வார்த்தையைக் கவனிக்கவில்லை" என்கிற மாதிரி. நாலைந்து தாளுக்கு இதைச் செய்து முடித்தால் உங்கள் நோய் எது என்று தெரிந்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்று அல்லது இரண்டு நோய்தான். ஆங்கிலம் போதாமல் விட்ட மார்க்கைவிடக் கவனக்குறைவால் விட்டது அதிகமாக இருப்பதைப் பார்த்து நிறையப் பேர் வாயடைத்துப் போயிருக்கிறார்கள்.

வாரத்தில் இரண்டு முழுத் தாள் போதும். தேர்வு எந்த நேரத்தில் என்று உங்களுக்கு வந்திருக்கும் மின்னஞ்சலில் இருக்கும். அதே நேரத்தில் உட்கார்ந்து எழுதுங்கள். ராத்திரி பத்து மணிக்கு நன்றாகப் படிக்கும் மூளை காலையில் அதே மாதிரி படிக்கும் என்று சொல்ல முடியாது. அதிலும் நைட் ஷிப்ட் பார்க்கும் நர்ஸ்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். தேர்வுக்கு முந்தின இரண்டு நாளாவது நைட் டியூட்டி வாங்காதீர்கள். சக ஊழியரிடம் மாற்றிக்கொள்ளுங்கள், கடனைப் பிறகு அடைக்கலாம்.

சென்டர் வேறு ஊரில். ராத்திரி பஸ் ஏறினால் காலையில் போய்ச் சேர்ந்துவிடுவேன். போதுமா?

போய்ச் சேருவது வேறு, போய்ப் பரீட்சை எழுதுவது வேறு. இரவு முழுக்க சீட்டில் கழுத்து ஒடிந்து தூங்கி, பேருந்து நிலையக் கழிப்பறையில் முகம் கழுவி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். லிசனிங்கை எப்படியோ சமாளித்துவிடுவார்கள். ரீடிங்கின் இரண்டாவது பாசேஜில் கண் சொருகும். முந்தின நாள் மதியமே போய்விடுங்கள். உறவினர் வீடு இருந்தால் நல்லது, ஆனால் உங்களைப் பார்த்த சந்தோஷத்தில் பன்னிரண்டு மணிவரை பேசிக்கொண்டிருக்கும் வீடாக இருந்தால் அறை எடுத்துத் தங்குவதே மேல். சாயங்காலம் ஒரு தடவை சென்டர்வரை நடந்தோ ஆட்டோவிலோ போய் வாசலைப் பார்த்துவிட்டு வாருங்கள். பெரிய கட்டடத்தில் எந்த மாடி, எந்தப் பக்கத்து லிஃப்ட் என்று காலையில் தேடுவதில் வீணாகும் பதற்றம் மிச்சமாகும்.

என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

பாஸ்போர்ட். இந்தியாவில் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இதுதான் அடையாள ஆவணம். பதிவு செய்தபோது எந்த பாஸ்போர்ட்டின் எண்ணைக் கொடுத்தீர்களோ அதே பாஸ்போர்ட். ஜெராக்ஸ் செல்லாது, ஆதார் செல்லாது, போனில் இருக்கும் போட்டோவும் செல்லாது. நடுவில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால் முன்கூட்டியே சென்டருக்குச் சொல்லிவிடுங்கள்.

தண்ணீர் கொண்டுபோகலாம், லேபிள் கிழித்த, உள்ளே தெரிகிற பாட்டிலில். கைக்கடிகாரம் கூடாது. போன், பர்ஸ், பை எல்லாம் வெளியே. உள்ளே போகும்முன் போட்டோ எடுப்பார்கள், விரல்ரேகை எடுப்பார்கள். மருதாணி போட்டு விரல்நுனி சிவந்திருந்தால் ரேகை பதியச் சில சமயம் இழுத்தடிக்கும். முந்தின வாரம் கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் நுனியை விட்டுவிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏசி அறை என்பதால் மெல்லிய ஸ்வெட்டரோ சால்வையோ போட்டுக்கொண்டே போங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் பழகிய கண்ணாடியையே போடுங்கள். தேர்வுக்காகப் புதுக் கண்ணாடி மாற்றிக்கொண்டு வந்த ஒரு பையன், திரையில் வரிகள் வளைகின்றன என்று சொல்லிக்கொண்டே அன்றைக்கு எழுதினான்.

காலையில் என்ன சாப்பிடலாம்? காபி குடிக்கலாமா?

தினமும் என்ன சாப்பிடுகிறீர்களோ அதுவே. இரண்டு இட்லி சாப்பிடுகிறவர் இரண்டு இட்லி சாப்பிடுங்கள். விரதம் வேண்டாம். பூரி கிழங்கும் வேண்டாம். காபி பழக்கம் உள்ளவர்கள் குடிக்காமல் போனால் தலைவலி வரும், பழக்கமில்லாதவர்கள் குடித்துவிட்டுப் போனால் கை நடுங்கும்.

சாப்பாட்டைவிடக் கழிப்பறைதான் முக்கியம். லிசனிங், ரீடிங், ரைட்டிங் மூன்றும் இடைவேளையில்லாமல் அடுத்தடுத்து வரும். நடுவில் கையைத் தூக்கி அனுமதி வாங்கிப் போய்வரலாம். ஆனால் கடிகாரம் நிற்காது. போய் வர நாலு நிமிடம் ஆனால் நாலும் ரீடிங்கிலிருந்துதான் கழியும். உள்ளே கூப்பிடுவதற்குச் சற்று முன்னால், அவசரம் இல்லாவிட்டாலும் ஒரு தடவை போய்வந்துவிடுங்கள்.

கணினியில் எழுதுவதும் பேப்பரில் எழுதுவதும் ஒன்றுதானா?

கேள்வி ஒன்று, மார்க் ஒன்று. கைப்பழக்கம் மட்டும் வேறு. இப்போது என்னிடம் வருகிறவர்களில் ஏறக்குறைய எல்லோரும் கணினிதான்.

திரையில் இடப்பக்கம் பாசேஜ், வலப்பக்கம் கேள்வி. இரண்டும் தனித்தனியாக நகரும். பாசேஜில் ஒரு வரியை மவுஸால் தேர்ந்தெடுத்து மஞ்சள் அடித்துக்கொள்ளலாம், குறிப்பும் எழுதிக்கொள்ளலாம். கீழே கேள்வி எண்கள் வரிசையாக இருக்கும்; எதை விட்டிருக்கிறீர்கள் என்று அதில் தெரியும். எழுத்து சின்னதாக இருந்தால் பெரிதாக்கிக்கொள்ளலாம், நிறத்தையும் மாற்றலாம். இதையெல்லாம் தேர்வு நாளில் கண்டுபிடிக்காதீர்கள். அதிகாரபூர்வ தளத்தில் இலவச மாதிரித் தேர்வு இருக்கிறது; அதில் ஒருநாள் விளையாடிப் பாருங்கள். போனில் வேண்டாம், பெரிய திரையில்.

பேப்பரில் எழுதுகிறவர்களுக்கு என் சொந்தக் கதை. நான் முதன்முதலில் இந்தத் தேர்வை எழுதியபோது பேப்பர்தான். 17ஆவது கேள்வி தெரியவில்லை, விட்டுவிட்டு 18க்குப் போனேன். விடைத்தாளில் விடவில்லை. 18இன் விடையை 17ஆம் கட்டத்தில் எழுதி, அப்படியே ஒரு வரிசையாக இறங்கிக்கொண்டே வந்துவிட்டேன். 27ஆம் கேள்விக்கு வந்தபோதுதான் கட்டம் 26 என்று கண்ணில் பட்டது. ஒன்பது விடையை ரப்பரால் அழித்துக் கீழே தள்ளி எழுத நாலு நிமிடம் ஆயிற்று. பென்சிலில் எழுதச் சொன்னது எதற்கு என்று அன்றைக்குப் புரிந்தது. இன்னொன்று: லிசனிங் பேப்பரில் விடையைப் பெயர்த்தெழுதக் கடைசியில் பத்து நிமிடம் தருவார்கள், ரீடிங்கில் அது கிடையாது. அந்த 60 நிமிடத்துக்குள்ளேயே விடைத்தாளில் ஏறியிருக்க வேண்டும்.

60 நிமிடத்தை எப்படிப் பிரித்துக்கொள்வது?

ஆளுக்கு இருபது என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்வார்கள். காகிதத்தில் அழகான கணக்கு. ஆனால் மூன்றாவது பாசேஜ் பெரும்பாலும் கடினம், அதன் கேள்விகளும் எழுதியவரின் கருத்து, நோக்கம் என்று போகும். அதனால் 17, 20, 23 என்று பிரிக்கச் சொல்கிறேன். ஜெனரல் டிரெய்னிங்கில் முதல் பகுதியைப் பதினைந்துக்குள் முடித்துவிட்டு மூன்றாவதற்கு இருபத்தைந்தாவது மிச்சம் வைக்கப் பாருங்கள்.

இதில் ஒரு கண்டிப்பு: முதல் பாசேஜில் 17ஆவது நிமிடம் வந்ததும் இரண்டு கேள்வி பாக்கியிருந்தாலும் அடுத்த பாசேஜுக்குப் போய்விட வேண்டும். பாக்கியான இரண்டிலும் ஏதாவது ஒரு விடையைப் போட்டுவிட்டுப் போங்கள். தப்புக்கு மார்க் பிடிப்பதில்லை என்று முதலில் சொன்னேனே, அது இதற்குத்தான். காலியாக விட்ட கட்டத்துக்கு யாரும் இரக்கப்பட்டு மார்க் தரப்போவதில்லை.

பாசேஜை முழுக்கப் படிக்க வேண்டுமா, கேள்வியை முதலில் பார்க்க வேண்டுமா?

வகுப்பில் சண்டையே வரும் விஷயம் இது. என் பக்கம் இது: தலைப்பைப் படியுங்கள். ஒவ்வொரு பத்தியின் முதல் இரண்டு வரியைப் படியுங்கள். மொத்தம் இரண்டு நிமிடம். எந்தப் பத்தியில் எந்தச் சரக்கு இருக்கிறது என்று மட்டும் மனதில் பதிந்தால் போதும். மளிகைக் கடையில் பருப்பு எந்த அலமாரி, எண்ணெய் எந்த அலமாரி என்று தெரிந்துகொள்வது மாதிரி. பிறகு கேள்விக்குப் போங்கள்.

ட்ரூ ஃபால்ஸ், வாக்கியத்தை நிரப்புவது மாதிரியான கேள்விகளின் விடைகள் பாசேஜில் அதே வரிசையில்தான் வரும். நாலாவது கேள்வியின் விடை மூன்றாவது பத்தியில் கிடைத்தால், ஐந்தாவதைத் தேட முதல் பத்திக்கு ஓடாதீர்கள். எந்தத் தகவல் எந்தப் பத்தியில் என்று கேட்பது வரிசையில் வராது. அதைக் கடைசியில் செய்யுங்கள். மற்றக் கேள்விகளுக்காகப் பாசேஜில் அலைந்து முடிப்பதற்குள் பாதி விடை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்: இது ஒன்றுதான் எனக்குப் பிடிபடவே இல்லை.

உங்களுக்கு மட்டும் இல்லை. பள்ளிக்கூடத்தில் நமக்கு "சரியா தவறா" மட்டும்தான் உண்டு. "சொல்லப்படவில்லை" என்று மூன்றாவதாக ஒன்றை நம் வாத்தியார்கள் யாரும் கேட்டதில்லை. தமிழிலேயே ஒரு மாதிரி தருகிறேன், நிதானமாகப் பாருங்கள்.

பாசேஜ்: "தேயிலையை வெட்டாமல் விட்டால் மரமாகவே வளர்ந்துவிடும். கையெட்டும் உயரத்தில் கொழுந்து பறிக்க வேண்டும் என்பதற்காகத்தான் தோட்டங்களில் அதை இடுப்பளவுக்குக் கவாத்து செய்கிறார்கள்."

முதல் வாக்கியம்: "தேயிலை இயல்பிலேயே குட்டைச் செடி." மரமாக வளரும் என்று பாசேஜ் சொல்கிறது. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியாது. ஃபால்ஸ்.

இரண்டாவது: "பறிப்பவர்களின் வசதியை உத்தேசித்துத் தேயிலை வெட்டப்படுகிறது." வார்த்தை வேறு, பொருள் அதேதான். ட்ரூ.

மூன்றாவது: "கவாத்து செய்த செடியின் இலைக்குச் சுவை அதிகம்." இங்கேதான் வகுப்பு இரண்டாகப் பிரியும். நீலகிரிப் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது இருந்தால், "ஆமாம் மேடம், இளங்கொழுந்துதானே ருசி" என்று ட்ரூ போடுவார்கள். மற்றவர்கள், "பாசேஜ் அப்படிச் சொல்லவில்லையே" என்று ஃபால்ஸ் போடுவார்கள். இரண்டும் தப்பு. சுவையைப் பற்றிப் பாசேஜ் வாயே திறக்கவில்லை. நாட் கிவன்.

ஃபால்ஸ் போடும்முன் உங்களை நீங்களே கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: இதை மறுக்கும் வரி எது? அந்த வரியில் விரலை வைக்க முடிந்தால் ஃபால்ஸ். விரல் அங்கும் இங்கும் அலைந்தால் நாட் கிவன். ஒரு நிமிடத்துக்கு மேல் தேடியும் கிடைக்கவில்லை என்றாலும் நாட் கிவன் போட்டுவிட்டு நகருங்கள், பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

இந்தக் கேள்வியில் அதிகம் அடிபடுகிறவர்கள் அந்தந்தத் துறையை நன்றாகத் தெரிந்தவர்கள். கை கழுவுவதால் தொற்று குறைவது பற்றிய ஒரு பயிற்சிப் பாசேஜில், வார்டில் பத்து வருடம் வேலை பார்த்த ஒரு நர்ஸ் நாலு கேள்வியைத் தவறவிட்டார். கல்லூரி முதலாண்டுப் பையன் நாலையும் சரியாகப் போட்டான். "நான் சொன்னதுதான் மேடம் உண்மை" என்று அவர் வாதாடினார். உண்மைதான். ஆனால் அது பாசேஜில் இல்லை.

கடைசியாக ஒன்று. ஆல், ஒன்லி, ஆல்வேஸ், மோஸ்ட், சம், மே மாதிரியான குட்டி வார்த்தைகளைக் கண்டதும் நின்றுவிடுங்கள். "பெரும்பாலான பறவைகள்" என்று பாசேஜில் இருந்து, "எல்லாப் பறவைகளும்" என்று கேள்வியில் இருந்தால் விடையே அந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது. எஸ், நோ, நாட் கிவன் என்று வருவதும் இதே ஆட்டம்தான். அங்கே தகவலுக்குப் பதில் எழுதியவரின் கருத்து.

பத்திக்குத் தலைப்புப் பொருத்தும் கேள்வியில் எல்லாத் தலைப்பும் சரி மாதிரியே தெரிகிறது.

பத்தியில் இருக்கும் ஒரு வார்த்தை தலைப்பிலும் அப்படியே இருந்தால் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் அது தூண்டில். பத்தியைப் படித்துவிட்டுத் தலைப்புகளைப் பார்க்காமல், "இது எதைப் பற்றியது?" என்று தமிழில் ஒரே வரியில் மனதுக்குள் சொல்லுங்கள். பிறகு அந்த வரிக்குப் பக்கத்தில் வரும் தலைப்பைத் தேடுங்கள். தலைப்புகள் பத்திகளைவிட அதிகமாகவே கொடுத்திருப்பார்கள், சிலது மிச்சமாகத்தான் செய்யும்.

விடை தெரிந்தும் மார்க் போகிறது. எப்படி?

இரண்டு வழியில் போகும். ஒன்று, வார்த்தை எண்ணிக்கை. இரண்டு வார்த்தைக்கு மேல் கூடாது என்று கேள்வியிலேயே போட்டிருப்பார்கள். விடை "வுட்டன் போட்". நீங்கள் பாசேஜில் இருந்தபடியே "லார்ஜ் வுட்டன் போட்" என்று எழுதினால் மூன்று வார்த்தை, மார்க் இல்லை. ஒரே தாளிலேயே ஒரு பகுதிக்கு ஒரு வார்த்தை, அடுத்த பகுதிக்கு இரண்டு என்று மாறும். ஒவ்வொரு பகுதியிலும் அந்த வரியைப் புதிதாகப் படியுங்கள்.

இன்னொன்று ஸ்பெல்லிங். ரீடிங்கில் இது போவதுதான் எனக்கு ஆத்திரம். வார்த்தை கண் முன்னால் இருக்கிறது! என்விரான்மென்டில் நடு 'என்' காணாமல் போகிறது, அக்காமடேஷனில் இரண்டு 'எம்'மில் ஒன்று விழுந்துவிடுகிறது. பாசேஜில் 'எஸ்' சேர்த்துப் பன்மையில் இருந்ததை ஒருமையில் எழுதிவிட்டு வருகிறார்கள். எழுதி முடித்ததும் எழுத்தெழுத்தாகப் பாசேஜோடு ஒப்பிடுங்கள், மூன்று நொடி ஆகும். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று கவலைப்படாதீர்கள், அதற்கு மார்க் போகாது. பிரிட்டிஷ் ஸ்பெல்லிங், அமெரிக்க ஸ்பெல்லிங் இரண்டும் செல்லும்.

தலைப்பே புரியாத பாசேஜ் வந்துவிட்டால்?

வரும். பனிப்பாறை, தேனீ, பழைய பீங்கான் என்று நமக்குச் சம்பந்தமில்லாத எதுவும் வரும். யாருக்கும் முன்னறிவு தேவைப்படாத மாதிரிதான் தாள் தயாரிக்கிறார்கள். மேலே பார்த்த மாதிரி, தெரியாத தலைப்பு ஒரு வகையில் பாதுகாப்புக்கூட. தெரியாத வார்த்தை எதிர்ப்பட்டால் அதற்கு "அது" என்று பெயர் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். "அது குளிரில் சுருங்கும், அதனால் விரிசல் விடும்" என்ற அளவுக்குப் புரிந்தால் விடை எழுதிவிடலாம். பல சமயம் அடுத்த வரியிலேயே விளக்கமும் இருக்கும்.

நடுவில் படபடப்பு வந்து ஒன்றுமே மண்டையில் ஏறாமல் போனால் என்ன செய்வது?

ஒரே வரியை நாலாவது தடவை படிக்கிறீர்கள் என்று தெரிந்த உடனே திரையிலிருந்து கண்ணை எடுங்கள். இரண்டு கையையும் தொடையில் வைத்து, மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். மூன்று தடவை. ஒரு வாய் தண்ணீர். பிறகு விட்ட இடத்துக்குப் போகாதீர்கள். அடுத்த பாசேஜில் சுலபமாகத் தெரியும் ஒரு கேள்வியை எடுத்து முடியுங்கள். ஒன்று சரியாக விழுந்ததும் மனசு ஓடத் தொடங்கும்.

பக்கத்து ஆள் படபடவென்று பக்கத்தைத் தள்ளுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வேகமாகப் போகிறவர் சரியாகப் போகிறார் என்று என்ன நிச்சயம்? சத்தம் தொந்தரவாக இருந்தால், லிசனிங்குக்குக் கொடுத்த ஹெட்போனைக் கழற்றாமல் வைத்துக்கொள்ளலாமா என்று கண்காணிப்பாளரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தேர்வுக்கு முன்னாலேயே கேள்வித்தாள் தருகிறோம் என்று ஒரு குரூப்பில் செய்தி வந்தது...

பணம் போகும். அவர்கள் தருவது பழைய பயிற்சித் தாளாக இருக்கும், அல்லது பணம் வாங்கியபின் ஆளே இருக்கமாட்டார். மோசடி என்று பிடிபட்டால் தேர்வு முடிவையே நிறுத்திவைப்பார்கள். விசா விண்ணப்பமும் அதோடு தொங்கும். அந்த குரூப்பிலிருந்து வெளியே வாருங்கள். வேறொன்றும் சொல்வதற்கில்லை.

நான் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். ரீடிங்கில் 7 என்பது எனக்கு நடக்கிற காரியமா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்பார்கள். நான்கு பகுதியிலும் தமிழ் மீடியப் பிள்ளைகளுக்குக் கைகொடுப்பது ரீடிங்தான் என்பது என் அனுபவம். உச்சரிப்பு தேவையில்லை, சொந்தமாக வாக்கியம் அமைக்கத் தேவையில்லை. ஆங்கில மீடியத்தில் படித்தவர்கள் கதைப்புத்தகம் படிக்கிற வேகத்தில் மேலோட்டமாக ஓடுவார்கள். நீங்கள் ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் தமிழாக்கிப் பார்த்துப் பழகியவர்கள். ட்ரூ ஃபால்ஸில் அந்த நிதானம் உதவும். ஆனால் எல்லா வரியையும் அப்படித் தமிழாக்கினால் நேரம் பற்றாது. விடை இருக்கும் இரண்டு வரியை மட்டும் தமிழாக்குங்கள், மற்றதைக் கண்ணால் ஓட்டுங்கள். எங்கே ஓடுவது, எங்கே நிற்பது என்ற பழக்கம் வர மூன்று மாதமாவது ஆகும். அடுத்த வாரம் தேர்வு வைத்துக்கொண்டு இப்போது வந்து கேட்டால், தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்றுதான் நானும் கேட்பேன்.

ரீடிங்கைச் சொதப்பிவிட்டேன் என்று தெரிந்தே ரைட்டிங்கை எப்படி எழுதுவது?

சொதப்பிவிட்டோம் என்று அந்த அறையில் உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. கடினமான தாளுக்கு அளவுகோல் கொஞ்சம் இளகும் என்பதையும் மறக்காதீர்கள். அழுதுகொண்டே வெளியே வந்து 7.5 வாங்கியவர்கள் உண்டு, சிரித்துக்கொண்டு வந்து 6 வாங்கியவர்களும் உண்டு. 36ஆவது கேள்விக்கு எது விடை என்று ரைட்டிங் நேரத்தில் யோசிக்கிறவர்கள் இரண்டையும் கோட்டைவிடுகிறார்கள்.

ரிசல்ட்டில் ரீடிங் மட்டும் அரை பேண்டு குறைந்துவிட்டது. மறுமதிப்பீடு போடலாமா?

தேர்வு தேதியிலிருந்து ஆறு வாரத்துக்குள் போடலாம், மதிப்பெண் ஏறினால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். ரைட்டிங்குக்கோ ஸ்பீக்கிங்குக்கோ என்றால் போட்டுப் பாருங்கள் என்பேன்; அங்கே மதிப்பிடுகிறவரின் பார்வை என்று ஒன்று இருக்கிறது. ரீடிங்கில் விடை சரி அல்லது தப்பு, நடுவில் ஒன்றும் இல்லை. பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

கணினியில் எழுதியவர்களுக்கு வேறொரு வழி உண்டு. நான்கில் ஏதாவது ஒரு பகுதியை மட்டும் 60 நாளுக்குள் ஒரு தடவை திரும்ப எழுதலாம். எல்லா சென்டரிலும் கிடையாது. உங்களைக் கூப்பிடும் நாடு, பல்கலைக்கழகம், கவுன்சில் எதுவோ அது இந்த மறுதேர்வை ஏற்றுக்கொள்கிறதா என்று அவர்களுடைய தளத்திலேயே பார்த்துவிட்டுப் பிறகு பணம் கட்டுங்கள். ஏஜென்ட் சொல்வதைக் கேட்டுக் கட்டிவிட்டு, அங்கே செல்லாது என்று தெரிந்து நாலு பகுதியையும் மறுபடி எழுதியவர் ஒருவர் இந்த பேட்ச்சிலேயே இருக்கிறார்.